முந்திரிக்கொட்டையின் கோல்ஃப் வர்ணனை

வானொலி நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'முந்திரிக்கொட்டை'. அவருக்கும் அது தெரியும். யாராவது தயங்கித் தயங்கி வாயெடுத்தால், "முந்திரிக்கொட்டைதானே? சொல்லிட்டுப் போங்க" என்று அவரே முந்திக்கொள்வார். பெயரை வைத்தவன் யாராக இருந்தாலும் பிழை செய்யவில்லை.

வியாதி பேருந்து நிலையத்தில் ஒட்டிக்கொண்டது. விளையாட்டு வர்ணனைக்கு வரும் முன் அவர் அங்கே அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், ஒரு மேசை விசிறி. அந்த வேலையில் முந்திச் சொல்வதுதான் சாமர்த்தியம். பேருந்து வந்து நின்ற பிறகு அறிவித்து யாருக்கு என்ன பிரயோஜனம்? ஜனங்கள் பெட்டியைத் தூக்க வேண்டும், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட வேண்டும், கழிப்பறைக்குப் போன புருஷனைத் தேட வேண்டும். ஆகையால் தூரத்துத் திருப்பத்தில் வண்டியின் நெற்றி தெரிந்ததுமே அவர் மைக்கைப் பிடித்துவிடுவார். போகப் போக நெற்றிகூட வேண்டியிருக்கவில்லை, ஹாரன் போதும். அபூர்வமாக, அவர் கூவிய வண்டி திருப்பத்திலேயே பழுதாகி உட்கார்ந்துவிடும். கூட்டம் மூட்டைமுடிச்சோடு வெயிலில் நின்று கூண்டைப் பார்த்துத் திட்டும். இவர் விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் வானொலிக்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். கால்பந்து வர்ணனையில் அவர் போட்ட போடு இருக்கிறதே, அது தனி. பந்து காலை விட்டுக் கிளம்பும்போதே 'கோல்' என்று கத்திவிடுவார். கத்திய பிறகுதான் பந்து வலைக்குள் போகும். தொலைக்காட்சி வைத்திருந்தவர்கள்கூட அதன் வாயை அடைத்துவிட்டு இவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். நடக்கப்போவதை நடப்பதற்கு முன்பே கேட்கிற சுகத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

வீட்டில் மட்டும் அந்தச் சுகம் யாருக்கும் கிடைக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்ததே இல்லை. பாதியிலேயே பதில் வந்துவிடும், அதுவும் வேறு கேள்விக்கான பதில். மனைவியின் அண்ணனுக்குப் பிள்ளை பிறந்தபோது, பிரசவ அறைக் கதவு திறப்பதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு "பையன்!" என்று சொல்லிவிட்டார். பிறந்தது பெண். மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. டாக்சி ஓட்டுகிற மனிதர், வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்தவர். "எங்க மாப்ள வாயில வந்தா பாதி பலிக்கும்" என்று சவாரி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். அவருடைய வண்டியில் வேறு வர்ணனையாளர் குரல் ஒலித்ததே கிடையாது. இவர் வாயைத் திறந்தால் அந்த வண்டியில் பேரம்கூட நின்றுவிடும்.

அந்த மச்சான்தான் பேசுவதை நிறுத்திவிட்டார். காரணம், ஒரு இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடம்.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. நம் ஆள் பந்தை உதைத்தான். உதைத்த விதத்தைப் பார்த்தால் கண் தெரியாதவனுக்கும் அது கோல். முந்திரிக்கொட்டை நாடே அதிரக் கத்தினார். மச்சான் அப்போது நகரத்தின் பெரிய நாற்சந்தியில் பச்சை விளக்கு எரியும்போதே வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, பானெட் மேல் ஏறி ஆடினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, எதிரணி அதை அள்ளிக்கொண்டு ஓடியது, நம் வலையில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மச்சானின் ஆட்டத்தை மட்டும் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். அபராதத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்கதானே அது?" என்று கேட்டால் மனிதர் என்ன செய்வார்? வானொலியை அணைத்தார். முந்திரிக்கொட்டை போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தாலும் தங்கையோடு மட்டும் பேசிவிட்டுக் கிளம்பினார்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னை எடுத்துட்டீங்க, அதானே?" என்று உட்காரும் முன்பே கேட்டார் முந்திரிக்கொட்டை.

"என்னைப் பேச விடுங்க சார். உலக விளையாட்டு விழாவுக்கு உங்களைத்தான் அனுப்பறோம்."

"ஃபுட்பால் ஃபைனலா?"

"கோல்ஃப்."

முந்திரிக்கொட்டைக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்படி ஒன்று அந்த விழாவில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"அங்க யாரும் எதுக்கும் அவசரப்பட மாட்டாங்க. உங்க உடம்புக்கு நல்லது" என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. நடக்காததை நடந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லிட்டீங்கன்னா, மைக்கை அங்கேயே வச்சிட்டு வந்துடுங்க. உங்க குரலை யாருமே நம்பலைன்னா அப்புறம் அதை வச்சிக்கிட்டு நானும் என்ன பண்றது, நீங்களும் என்ன பண்றது?"

மைக் போவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. யாருமே நம்ப மாட்டார்கள் என்பதுதான் தைத்தது. நம்பாதவர்களில் முதல் ஆள் ஏற்கெனவே சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தார்.

அந்த மாபெரும் விழாவில் கோல்ஃபுக்கு இருந்த இடம், குடும்பப் படத்தில் ஓரமாகப் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிற தூரத்துச் சொந்தத்தின் இடம். நூறு வருடத்துக்கும் மேலாக வெளியே நிறுத்தி வைத்துவிட்டுச் சமீபத்தில்தான் உள்ளே விட்டிருந்தார்கள். விட்ட பிறகும் முணுமுணுப்பு அடங்கவில்லை. வியர்வையே வராத ஆட்டத்துக்குப் பதக்கமா என்று ஓட்டப்பந்தயக்காரர்கள் கேட்டார்கள். வேறு போட்டிகளில் பணத்தை மூட்டையாகக் கட்டுகிற கோல்ஃப்காரர்களோ, இங்கே பரிசுப் பணமே இல்லையாமே என்று தலையைச் சொறிந்தார்கள். மூன்று பேருக்குப் பதக்கம், நாலாவது ஆளுக்குக் கைகுலுக்கல். மைதானம் பிரதான அரங்கத்திலிருந்து வெகு தூரம். செய்தியாளர் பேருந்தில் முந்திரிக்கொட்டையும், அவரோடு ஒலிபரப்புப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த தயாரிப்பாளர் அம்மாவும், தூங்குகிற இரண்டு வெளிநாட்டுக்காரர்களும்தான் இருந்தார்கள்.

முதல் நாளே வம்பு. வானொலிக்காரர்கள் பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு உட்பக்கமாக ஆட்டக்காரர்களோடு கூடவே நடந்து வர்ணிக்கலாம், ஆனால் அடிக்கிற ஆளின் காதில் எதுவும் விழக் கூடாது. ஒருத்தி மட்டையை ஓங்கினாள். இவர் பழக்க தோஷத்தில், "இதோ அடிக்கப்போறாங்க!" என்று மைதானம் கேட்கச் சொன்னார். ஓங்கிய மட்டை அந்தரத்தில் நின்றது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்த பார்வையில் புல் கருகியிருக்க வேண்டும். 'அமைதி' என்று எழுதிய பலகையைப் பிடித்திருந்த தொண்டர் ஓடி வந்து அதை இவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சார், ரகசியம் பேசற மாதிரி பேசணும்" என்றார் தயாரிப்பாளர்.

"ரகசியமே பேசினது இல்லைங்க நான்."

"அது நாட்டுக்கே தெரியும் சார்."

அன்றிலிருந்து கிசுகிசுத்தார். கேட்டவர்கள் பதறிப்போனார்கள். சாருக்கு உடம்பு சரியில்லையா, அங்கே யாராவது தவறிவிட்டார்களா என்று நிலையத்துக்குப் போன் மேல் போன். ஒரு அம்மாள் மட்டும், தன் பேரப்பிள்ளை இப்போதெல்லாம் கோல்ஃப் கேட்டால்தான் தூங்குகிறது, இன்னும் கொஞ்ச நேரம் நீட்டிக்க முடியுமா என்று கேட்டாள்.

காலையில் நேயர்களின் சந்தேகங்களுக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய பாடு.

"சார், மைனஸ் அஞ்சுன்னு சொல்றீங்க, முதல் இடம்னும் சொல்றீங்க. எது நிஜம்?"

"ரெண்டும் நிஜம்ங்க. இது கரண்ட் பில் மாதிரி. அடி எண்ணிக்கை குறையக் குறைய சந்தோஷம்."

"அப்போ மட்டையைத் தொடாமலே வீட்ல இருந்துட்டா தங்கப் பதக்கமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, "கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நம் நாட்டிலிருந்து ஒரே ஒரு பெண் போயிருந்தாள். கோல்ஃப் மைதான உணவகம் ஒன்றில் கல்லாவில் உட்காரும் அம்மாவின் மகள். அம்மா வேலை முடிக்கும்வரை பிள்ளைகள் எங்கே போவது? புல்லில் கிடந்து வளர்ந்தார்கள். தங்கை அடிப்பாள், அண்ணன் பந்து தேடுவான். இப்போதும் அதே ஏற்பாடுதான். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பின்னால் வந்தான். முதல் நாள் அவள் எங்கோ நடுவில் இருந்தாள். இரண்டாம் நாள் மேலே நகர்ந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் பெயர் பலகையில் முதல் பத்துக்குள் ஏறியபோது, கோல்ஃபைத் தெருமுனை வம்புபோல ஒதுக்கி வைத்திருந்த நாடு நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி நாள் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது. வானொலியில் மற்ற நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டு முந்திரிக்கொட்டையை மட்டும் ஓடவிட்டார்கள். இயக்குநரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'நிதானம்.' அவ்வளவுதான்.

நாலு நாள் நடந்ததில் முந்திரிக்கொட்டைக்கு அந்தப் பெண் மேல் பாசமே வந்துவிட்டது. அவள் தன்னோடு தானே பேசிக்கொள்வதும், அண்ணன் ஏதாவது சொன்னால் 'சும்மா இரு' என்று முகத்தைச் சுளிப்பதும் வீட்டுப் பிள்ளை மாதிரியே இருந்தது. அவளுக்குப் பதக்கம் கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டார். அதை முதலில் சொல்கிற வாய் தன் வாயாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். இரண்டாவது ஆசை வரும்போதெல்லாம் நாற்சந்தியும் பானெட்டும் ஞாபகத்துக்கு வந்து நாக்கை இழுத்தன.

கடைசிக் குழி வந்தது. தங்கமும் வெள்ளியும் யாருக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வெண்கலம்தான் பாக்கி. அதற்குப் போட்டியாக இருந்த இன்னொரு நாட்டுக்காரி முன்பே ஆட்டத்தை முடித்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். நம் பெண் இந்தப் பந்தை ஒரே தட்டில் குழிக்குள் அனுப்பினால் வெண்கலம் அவளுக்கு. இரண்டு தட்டு ஆனால் இருவரும் சமம், தனியாக மறுபடியும் மோத வேண்டும்.

"நேயர்களே, பந்துக்கும் குழிக்கும் நடுவுல ஒரு பஸ் நீளம் இருக்கு" என்று கிசுகிசுத்தார். "குனியறாங்க. நிமிர்ந்துட்டாங்க. மறுபடி குனியறாங்க. அடிச்சாச்சு."

பந்து உருண்டது. அது போன போக்கிலேயே தெரிந்தது. வளைந்து, சரிந்து, குழியைத் தேடிப் பிள்ளைபோல ஓடியது. இத்தனை வருடம் பேருந்தின் நெற்றியைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. 'வெண்' என்ற சத்தம் தொண்டை தாண்டி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் மைக்கின் பஞ்சை நறுக்கென்று கடித்தார்.

பந்து குழியின் விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. பாதி உடம்பு வெளியே தொங்க, நின்றது. அவள் மெதுவாக அதன் அருகே நடந்து போய் நின்று, தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்றாவது தள்ளிவிடாதா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வானொலியில் ஒரு சத்தமும் இல்லை. முந்திரிக்கொட்டையின் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் நிலையத்துப் பொறியாளர் அலறினார்.

"சார்! லைன் கட்டாயிடுச்சா?"

பஞ்சிலிருந்து பல்லை எடுத்துவிட்டு, "லைன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நேயர்களுக்கே சொன்னார். "நான்தான் பேசலை. பந்து விளிம்புல நிக்குது. விழலை. விழலைன்னா விழலைதான்."

அப்போது பந்து விழுந்தது.

மைதானம் வெடித்தது. அண்ணன் பையைத் தூக்கிப் போட்டான். மேலே கண்ணாடி அறைக்குள் இருந்த தொலைக்காட்சி வர்ணனையாளர் நாற்காலி மேல் ஏறிக் கத்துவது இங்கிருந்தே தெரிந்தது. பொறியாளர் அழாத குறையாகக் கெஞ்சினார். "மெடல்னு சொல்லுங்க சார்! டிவில சொல்லிட்டாங்க! இங்க தெருவுல பட்டாசு வெடிக்குது, நாம மட்டும்தான் இன்னும் சொல்லலை!"

சொல்லியிருக்கலாம். கண் பார்த்துவிட்டது, பந்து உள்ளே போய்விட்டது. இப்போது சொல்வது முந்திச் சொல்வதுகூட இல்லை. ஆனால் அவருடைய பார்வை நடுவர் அம்மாள் மேல் விழுந்தது. வைக்கோல் தொப்பி போட்ட அந்த அம்மாள் கை தட்டவில்லை. பந்து தொங்கிக்கொண்டிருந்தபோது அவள் உதடுகள் எதையோ எண்ணுவதுபோல அசைந்துகொண்டிருந்ததையும், விழுவதற்கு முன்பே அவை நின்றுவிட்டதையும் இவர் பார்த்திருந்தார். என்ன கணக்கு என்று அவருக்குத் தெரியாது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"பந்து விழுந்துடுச்சு" என்றார் மெல்ல. "ஆனா பதக்கம்னு நான் இன்னும் சொல்ல மாட்டேன். நடுவர் கை தட்டலை. கொஞ்சம் பொறுங்க."

பொறுங்க! அந்தச் சொல் தன் வாயிலிருந்தா வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

நடுவர் அம்மாள் நடந்து போய் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். பெண்ணின் சிரிப்பு அப்படியே வடிந்தது. தயாரிப்பாளர் விசாரித்துக்கொண்டு ஓடி வந்து இவர் காதில் விஷயத்தைச் சொன்னார். பந்து விளிம்பில் நின்றால், அதனருகே போன பிறகு பத்து விநாடி காத்திருக்கலாம். அதற்குள் விழுந்தால் கணக்கு சரி. அதற்குப் பிறகு விழுந்தால் ஒரு அடி கூடும். அது பிறகுதான் விழுந்தது. ஆக, இருவரும் சமம்.

முந்திரிக்கொட்டை அதை நிதானமாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை, நாட்டுக்கு விளக்கினார். "கொண்டாடறவங்க கொஞ்சம் நிறுத்தி வைங்க. இன்னும் ஆட்டம் முடியலை."

தனி ஆட்டத்தில் முதல் குழியில் இருவரும் சளைக்கவில்லை. இரண்டாவது குழியில் நம் பெண்ணின் பந்து மணலில் போய்ப் புதைந்தது. அதை வெளியே எடுத்துப் போடுவதற்குள் மற்றவள் முடித்துவிட்டாள். இந்த முறை முந்திச் சொல்ல எதுவும் இல்லை. கடைசிப் பந்து குழிக்குள் போய், இருவரும் கைகுலுக்கி, நடுவர் தொப்பியைக் கழற்றிய பிறகு, "நாலாவது இடம்" என்றார். "ரொம்ப நல்லா ஆடினாங்க. எனக்கு அழுகையா வருது. அண்ணன் பை மேலயே உக்காந்துட்டான். தங்கச்சிதான் அவனைத் தேத்திக்கிட்டு இருக்கா."

திரும்பும் பேருந்தில் தயாரிப்பாளர் ஒலிபரப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். மைக்கின் பஞ்சில் பல் தடம் அப்படியே இருந்தது. கடித்ததற்கு அலுவலகத்தில் என்ன காரணம் சொல்வது என்று முந்திரிக்கொட்டை யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவியின் எண்.

"சாப்டாச்சு, இன்னும் ரெண்டு நாள்ல வந்துடுவேன், அதானே?" என்றார்.

அந்தப் பக்கம் யாரோ கனைத்தார்கள். தங்கையின் போனை வாங்கிப் பேசுகிற மச்சானின் கனைப்பு.

"மாப்ள."

"மச்சான்!"

"அதே நாற்சந்தியில மாட்டிக்கிட்டேன் இன்னிக்கு. பந்து விழுந்ததும் டிவில மெடல்னு சொல்லிட்டாங்க. ஊரே ரோட்டுல இறங்கி ஆடுது. என் வண்டி மேலயே நாலு பேர் ஏறிட்டான். என்னையும் இறங்கி ஆடச் சொல்லிக் கதவைத் தட்டறான்."

"ஆடினீங்களா?"

"கண்ணாடியை ஏத்திட்டு ரேடியோவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"ஏன் மச்சான்?"

"நீ இன்னும் சொல்லலையே மாப்ள."

முந்திரிக்கொட்டை பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மச்சான் அந்தப் பக்கம் அவசரமில்லாமல் காத்திருந்தார்.